இரண்டு கவலைகள்

முனியப்பா போய்விட்டார் என்ற செய்தி எனக்கு முதலில் இரண்டு மொழிகளில்தான் வந்தது. அவர் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "மாமா, அப்பா தவறிட்டாருங்க" என்று தமிழில் சொன்னான். அதுவரைக்கும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பான் போலிருக்கிறது. அதற்கு மேல் அவனால் தமிழில் நிற்க முடியவில்லை; தெலுங்குக்குப் போய்விட்டான். ஓசூரில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும் எனக்குத் தெலுங்கு சரியாக வராது. ஆனாலும் அழுகையில் இலக்கணம் அதிகம் இல்லாததால் புரிந்தது. ஒரு செய்தி தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பலகையில் ஒட்டப்படாத வரை அதிகாரபூர்வமானது அல்ல என்பது முனியப்பாவின் கொள்கை. அந்தக் கொள்கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நம் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். ஓசூர் தொழிற்பேட்டையில் லாரிகளுக்கு ஸ்பிரிங் செய்யும் ஆலை அது. எவ்வளவு அழுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று விளம்பரத்தில் போடுவார்கள். அது ஸ்பிரிங்குக்கு மட்டும் பொருந்தும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. எழுபதுகளின் கடைசியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நான் அங்கே ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலைக்கு வந்தபோது, பக்கத்து மேசையில் முனியப்பா உட்கார்ந்திருந்தார். பேரிகைப் பக்கம் கேழ்வரகு விதைக்கிற குடும்பம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் கன்னடம், பிழைப்புக்குத் தமிழ். நிர்வாகம் ஆங்கிலத்தில் யோசிப்பதை இந்த மூன்றிலும் எழுதிப் பலகையில் ஒட்டுவது அவர் வேலை.

முதல் நாளே நான் அவரை "ஓய்" என்று கூப்பிட்டுவிட்டேன். எங்கள் ஊரில் அது மரியாதை. அவர் நிமிர்ந்து பார்த்து, "எங்க ஊர்ல அப்படி எருதைத்தான் கூப்புடுவாங்க. பரவால்ல, நானும் உழுறவன்தானே" என்றார். மேசையில் நான் புத்தகம் வைத்துப் படிப்பதைப் பார்த்து அன்றே எனக்குப் 'பண்டிதர்' என்று பெயர் வைத்தார். கடைசி வரைக்கும் அவர் எனக்குச் சம்பளம் இல்லாத அந்தப் பதவியையும், நான் அவருக்கு ஏர் இல்லாத எருதுப் பதவியையும் தந்துகொண்டிருந்தோம்.

அவருடைய மொழிபெயர்ப்பு முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'எச்சில் துப்பக் கூடாது' என்று ஒரு நோட்டீஸ் வந்தது. தமிழில் அதட்டி எழுதினார். கன்னடத்தில் 'தயவுசெய்து' என்று ஆரம்பித்தார். தெலுங்கில், துப்பத் தோன்றினால் வெளியே வேப்பமரத்தடியில் துப்பலாம் என்று, மேலாளர் சொல்லாத ஒரு சலுகையையும் சேர்த்திருந்தார். ஏன் ஓய் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டேன். "எங்க சனம் துப்பாம இருக்காது பண்டிதரே. எங்க துப்புறதுன்னு சொன்னா போதும்" என்றார். கொஞ்ச நாளில் எல்லா மொழிக்காரர்களும் வேப்பமரத்தடிக்கே போனார்கள். ஆலைத் தரை சுத்தமானது. மேலாளர் தம் நோட்டீசின் வலிமையைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

மதியம் இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். அவர் டப்பாவில் களியும் கீரைச் சாறும் இருக்கும். என் டப்பாவில் புளிச்சோறு. ஒரு நாள் சாப்பாட்டின் நடுவில்தான் மனை வாங்கும் யோசனை வந்தது. பாகலூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளிப் பக்கத்துப் பக்கத்து மனையாக இரண்டு வாங்கினோம். நடுவில் சுவர் வேண்டாம், இரண்டு மனைக்கும் பொதுவான கோட்டின் மேல் ஒரு கிணறு போதும் என்று அவர் சொன்னார். வீடு கட்டுவதற்கு முன்பே கிணற்றைத்தான் வெட்டினோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கிணற்றுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து நிர்வாகத்தைத் திட்டுவது என்று முடிவாகியிருந்தது. என் வாழ்க்கையில் நான் வைத்திருந்த ஒரே நீண்டகாலத் திட்டம் அது.

எண்பதுகளின் நடுவில் அந்த நோட்டீஸ் வந்தது. ஆலையை 'பைஃபர்கேட்' செய்ய நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் இருந்தது. பாதி இயந்திரங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளிக்கு அருகே புது ஆலைக்குப் போகும். பாதி ஆட்களும் போவார்கள். யார் யார் என்று சொல்லவில்லை. இரண்டாவது ஷிப்டுக்கு முன் மூன்று மொழியிலும் ஒட்ட வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போனார். அவர் கல்கத்தாக்காரர். எங்கள் மூன்று மொழிகளையும் சமமாக அறியாதவர். அந்த வகையில் நடுநிலையாளர்.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஆலையை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு ஏற்கெனவே வந்துவிட்டது. அதனால் முனியப்பா தயங்கினார். 'பிரிவினை' என்று எழுதினால் அண்ணன் தம்பி பாத்திரத்தைப் பிரித்துக்கொள்வது போலிருக்கும் என்றார். 'பிளவு' என்றால் சங்கத்துக்காரர்கள் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று சண்டைக்கு வருவார்கள். 'கூறு' என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை. கடைசியில் என்னிடம் வந்தார்.

"பண்டிதரே, இந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சின்னு உங்க தடிப் புஸ்தகத்துல பாருங்க. பொறந்த ஊரு தெரிஞ்சா புத்தி தெரியும்."

பெங்களூர் நடைபாதையில் வாங்கிய பழைய ஆங்கில அகராதி ஒன்று என் மேசையில் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் தாத்தா பாட்டி வரை எழுதியிருப்பார்கள். பார்த்தேன். லத்தீனில் 'பி' என்றால் இரண்டு. 'ஃபுர்கா' என்றால் கவைக்கோல்; வைக்கோல் அள்ளும் இருமுனைக் கோல். சாப்பாட்டு மேசையில் வெள்ளைக்காரன் வைக்கிற முள்கரண்டியும் அதன் பேரன்தான். இருகவையாதல், அவ்வளவுதான் பொருள் என்று சொன்னேன்.

முனியப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. "அட, நம்ம களத்துல போர் வாருற கவக்கோலு. அப்ப இது வெட்டுறது இல்ல பண்டிதரே. கவை விடுறது. மரத்துல கவை விட்டா அடிமரம் ஒண்ணாத்தானே இருக்கும்? தண்ணி ரெண்டுக்கும் போவும்தானே?"

போகும் என்றேன். லத்தீன் வரைக்கும் போய்க் கிடைத்த ஆறுதலை நான் ஏன் கெடுக்க வேண்டும்? ஆனாலும் அகராதியில் இருந்ததை மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. ரோமாபுரியில் தப்பு செய்த அடிமையின் கழுத்தில் ஒரு கவைக்கட்டையை மாட்டி ஊரைச் சுற்றி நடத்துவார்களாம், அதற்கும் ஃபுர்கா என்றுதான் பெயர் என்று சொன்னேன். அவர் சற்று யோசித்தார். "அதை நோட்டீசுல போட வேணாம். அதை அவங்களே கண்டுபுடிச்சிக்குவாங்க" என்றார்.

கன்னடத்தில் அழகாக வந்தது. மரம் கிளைப்பதற்கும் வழி பிரிவதற்கும் அங்கே 'கவலு' என்றே சொல் இருக்கிறது. 'எரடு கவலு' என்று எழுதினார். தெலுங்கில் 'ரெண்டு பாயலு' என்று எழுதினார். ஆறு கிளை பிரிவதற்கும் சொல்வார்கள், சடையின் பிரிக்கும் சொல்வார்கள். ஆலைக்குச் சடை பின்னப் போகிறார்களா என்று கேன்டீன் பெண்கள் சிரித்தார்கள். தமிழுக்கு வரும்போது நேரமாகிவிட்டது. கன்னடச் சொல்லுக்கு ஒரு வால் வைத்தால் தமிழாகிவிடும் என்று அவர் நம்பிக்கை. அங்கே 'மளெ' என்றால் இங்கே மழை. அங்கே 'தலெ' என்றால் இங்கே தலை. அந்தக் கணக்கில் 'கவலு'வுக்கும் ஒரு ஐகாரத்தை வைத்தார். என்னிடம் காட்டவில்லை, நான் அப்போது மேலாளர் அறையில் இருந்தேன். பலகையில் கெட்டியான எழுத்தில் இப்படி ஏறியது: 'நமது ஆலை இரண்டு கவலைகளாகப் பிரியும். அடிமரம் ஒன்றே.'

இரண்டாவது வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லை. அது முனியப்பாவின் கொடை.

இரண்டாவது ஷிப்டு ஆட்கள் பலகை முன்னால் கூடினார்கள். உலைப் பகுதியில் வேலை பார்த்த பச்சையப்பன் காவேரிப்பட்டணத்துக்காரர். அந்தப் பக்கம் மாடு கட்டித் தண்ணீர் இறைப்பதற்கும் கவலை என்றுதான் பெயர். "கேன்டீன்ல தண்ணி வரலேன்னு சொன்னதுக்கு ரெண்டு கவலை ஓட்டப் போறாங்களாட்டம் இருக்குது. மாடு யாருங்கோ, நாமளா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு மறுபடியும் படித்தார்கள். சிரிப்பு அடங்கிவிட்டது. அந்த ஆலையில் அதுவரை ஒட்டிய நோட்டீசுகளிலேயே பிழையில்லாதது அதுதான் என்று அவர்களுக்குப் பட்டிருக்க வேண்டும். ஆனால் இரண்டாவது வரியையும் அவர்கள் படித்தார்கள். அடிமரம் ஒன்று என்றால் எப்போதாவது திரும்பி வரலாம். அதை நம்பித்தான் அன்றைக்கு யாரும் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

மேலாளர் காதுக்கு விஷயம் போனது. தமிழ் நோட்டீசில் தவறு, கன்னட நோட்டீசில் ஒரு குறையும் இல்லை. ஆகவே முனியப்பாவின் இடம் கன்னடப் பக்கம் என்று அவர் முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். நான் உள்ளே போய் அது தவறே அல்ல என்று வாதாடினேன். பழைய தமிழில் கவலை என்றால் கிளை கவை விட்ட இடம், பாதை இரண்டாகப் பிரியும் இடம். மனக்கவலையை மட்டும் நாம் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிட்டோம் என்று சொன்னேன். வீட்டிலிருந்து தமிழ் அகராதியையும் கொண்டு போய்க் காட்டினேன். நான் சொன்னது முழுவதும் உண்மை. மேலாளர் உண்மையை மதிப்பவர். இவ்வளவு ஆழ்ந்த புலமை உள்ள முனியப்பா புது ஆலைக்குக் கட்டாயம் தேவை என்று சொல்லி அவர் மாற்றலுக்கு அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெளியே வந்து முனியப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, அந்தப் பழைய பொருள் நிஜமாகவே தமிழில் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். "அப்ப நான் தப்பா எழுதல" என்றார். அவ்வளவு சந்தோஷத்தோடு மாற்றல் உத்தரவை வாங்கிக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை. பச்சையப்பனையும் அதே ஆலைக்குப் போட்டிருந்தார்கள். இரண்டு வருடத்தில் கேட்பவர்களைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக நிர்வாகம் வாயால் சொன்னது. முனியப்பா ஓசூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அத்திப்பள்ளிக்குக் குடி போனார். என் மனையில் வீடு எழும்பியது. அவர் மனையில் ஆமணக்கு முளைத்தது.

ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே ஒரு கைக்குட்டை காய்கிற தூரம்தான். ஆனால் இரண்டு மாநிலம். எங்களுக்கு ஞாயிறு விடுமுறை. மின்சாரப் பஞ்சத்தில் அவர்களுக்கு வேறு ஒரு கிழமை. எங்களுக்குப் பிள்ளையார் சதுர்த்தி ஒரு நாள் என்றால் அவர்களுக்குக் கௌரி பண்டிகையும் சேர்த்து வேறு கணக்கு. இரண்டு பக்கமும் பொதுவாக மூடியது சங்கராந்தியிலும், குடியரசு நாள், சுதந்திர நாள் போன்ற அரசாங்க நாட்களிலும்தான். ஆகவே அந்த நாட்களில் ஜூஜுவாடியில் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற டீக்கடையில் சந்திப்போம். நாட்டின் விடுதலையை இவ்வளவு ஆவலோடு எதிர்பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

நதிநீர்ச் சண்டையில் எல்லையில் பஸ் ஓடாமல் போன காலம் ஒன்று வந்தது. அந்தப் பக்கத்துப் பஸ் அந்தப் பக்கமே நின்றுவிடும். இந்தப் பக்கத்துப் பஸ் இந்தப் பக்கமே. நடுவில் இருப்பதை ஜனங்கள் நடந்து கடப்பார்கள். அந்தச் சங்கராந்திக்கு அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் எள்ளும் வெல்லமும் கலந்த பொட்டலத்தோடு லாரிகளுக்கு நடுவே நடந்து வந்தார். உம்மை யாரும் தடுக்கவில்லையா ஓய் என்று கேட்டேன். "அங்க ஒருத்தன் கன்னடத்துல கேட்டான், சொன்னேன். இங்க ஒருத்தன் தமிழ்ல கேட்டான், சொன்னேன். தெலுங்குல ஒருத்தனும் கேக்கல" என்றார். சண்டை போட்ட இரண்டு மொழிகளில் எதுவும் அவர் தாய்மொழி அல்ல. ஆனாலும் இரண்டுக்காகவும் அவர் அன்று சோர்ந்துபோயிருந்தார்.

இரண்டு வருடம் என்றது போய்க்கொண்டே இருந்தது. பிறகு அந்தப் பக்கத்து ஆலை வேறு பெயரில், வேறு கம்பெனியாகப் பதிவானது. இனி இங்கிருந்து அங்கேயோ அங்கிருந்து இங்கேயோ மாற்றல் கிடையாது என்று வந்தது. அந்த நோட்டீசையும் கன்னடத்தில் முனியப்பாதான் எழுத வேண்டியிருந்தது. பச்சையப்பன் அவர் மேசைக்கு வந்து, "அடிமரம் ஒண்ணுன்னு எழுதினியேப்பா. உன் எழுத்தைப் பாத்துத்தானே நான் பேசாம வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். இதை முனியப்பா என்னிடம் ஒரு தடவைதான் சொன்னார். இன்னொரு தடவை சொல்ல முயன்று பாதியில் விட்டுவிட்டார்.

மேலாளரைப் பார்த்துக் கேட்கிறேன் என்று ஒரு நாள் லீவு போட்டு ஓசூர் ஆலைக்கு வந்தார். தனக்காக மட்டுமல்ல, பச்சையப்பனுக்காகவும் இன்னும் நாலு பேருக்காகவும். கேட்டில் புது வாட்ச்மேன். வெளியாட்கள் சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகலாம் என்று பலகையைக் காட்டினான். மூன்று மொழியிலும் எழுதியிருந்த அந்தப் பலகை முனியப்பாவின் கையெழுத்து. நான் ஓடிப் போய் அந்த ஆளிடம் சத்தம் போட ஆரம்பித்தேன். முனியப்பா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பலகையைக் கிட்டப் போய்ப் படித்தார். "மழையில ஒரு புள்ளி அழிஞ்சிருக்குது பண்டிதரே" என்று சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதை வைத்தார். பிறகு 'விருந்தினர்' என்ற அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு உள்ளே போனார். சானமாவுக் காட்டு யானைகள் எந்தச் சீட்டும் இல்லாமல் இரண்டு மாநிலத்துக்கும் போய்வருகின்றன என்று மேலாளரிடம் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அவர் யானைகளுக்கும் ஒரு நோட்டீஸ் போடச் சொல்லியிருப்பார்.

மேலாளர் மரியாதையாகப் பேசினார், டீ கொடுத்தார், முடியாது என்றார். திரும்பும்போது முனியப்பாவை நம் மனைக்கு அழைத்துப் போனேன். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. "ரெண்டு பக்கமும் சமமாத்தான் ஊறுது" என்றார்.

கடைசியாகச் சந்தித்தது இந்த வருடக் குடியரசு நாள்; ஓய்வு பெற இருவருக்கும் இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. இருமிக்கொண்டிருந்தார். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"பண்டிதரே, அந்த ஃபுர்காவுக்கு அடிமரம் உண்டுன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருந்துச்சா, இல்ல நானா சேத்தேனா?"

நான் யோசித்து, "பிடி இல்லாத கவைக்கோல் உண்டா ஓய்?" என்றேன்.

அவர் வாய் விட்டுச் சிரித்தார். இருமல் வந்தது. அடங்கியதும், "அதானே. புடி யாரு கையிலன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும். நாம அர்த்தத்தை மட்டும் கேட்டுட்டோம்" என்றார். சுதந்திர நாளுக்குப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டு அவரவர் பஸ்ஸுக்குப் போனோம்.

மகன் கூப்பிட்ட அன்று அத்திப்பள்ளிக்குப் புறப்பட்டேன். ஜூஜுவாடியில் இறங்கியது ஏன் என்று தெரியவில்லை, கால் பழக்கம். டீக்கடைக்காரர் என்னைத் தனியாகப் பார்த்ததும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் சிநேகிதர் போய்விட்டாராமே என்று கன்னடத்தில் சொன்னார். மூன்றாவது மொழியும் வந்துவிட்டது. இனி நான் நம்பாமல் இருக்க வழியில்லை.

வீட்டு வாசலில் ஆலை ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பச்சையப்பன் எல்லாருக்கும் முன்னால் மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார். முனியப்பாவின் மனைவி லட்சுமியம்மா என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த பெண்களிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்கு 'கவலை' என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது. பிறகு அவரே எனக்காகத் தமிழில் சொன்னார்: "ஒண்ணுமில்லங்கண்ணா. யாருன்னு கேட்டாங்க. ஆலையில ரெண்டு கவலைன்னு எழுதினாரே, ஒண்ணு இந்தப் பண்டிதரு, இன்னொண்ணு நானுன்னு வீட்டுல சொல்லிச் சிரிப்பாரு. அதைச் சொன்னேன்."

இந்த நோட்டீசை மூன்று மொழியில் எழுத எனக்குத் தெரியாது. தமிழில் மட்டும் எழுதுகிறேன். மற்ற இரண்டிலும் அவரே எழுதியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும், என் தமிழில் இல்லாத ஒரு வரியும் கூடுதலாக இருந்திருக்கும். காலையில் கிணற்றடிக்குப் போகும்போது அந்தப் பக்கத்து ஆமணக்கைப் பார்க்கிறேன். வெட்டச் சொல்லி எல்லாரும் சொல்கிறார்கள். நாற்காலி போட இடம் விட்டு மற்றதை வெட்டியிருக்கிறேன். நம் ஆலை இரண்டு கவலைகளாகப் பிரிந்தபோது ஒன்றை அவர் அந்தப் பக்கம் கொண்டுபோனார், ஒன்று இங்கே என்னிடம் இருந்தது. இப்போது இரண்டும் என்னிடம் இருக்கின்றன.